தேனீ லோடு

ஒரே அடுப்பில் வெந்ததைத் தின்று, ஒரே வண்டியை நம்பிப் பிழைத்து, ஒரே கூரைக்குக் கீழே படுத்து எழுந்த இரண்டு ஆம்பிளைகள் ஒருவரோடு ஒருவர் பேசுவதில்லை. மழைக்கு முன்னால் பிடித்த சண்டை. மழை பெய்து ஓய்ந்து, பனி வந்து போய், வெயில் ஏறின பிறகும் அது காய்வேனா என்றது.

ஒருத்தர் டிரைவர். இன்னொருத்தன் அவர் பெண்டாட்டியின் கூடப்பிறந்த தம்பி. நடுவில் அந்தப் பெண்டாட்டி. தெருவில் அவளுக்கு ரேடியோக்கா என்று பேர். காலையில் வாசல் கதவைத் திறக்கும்போது வாயையும் திறந்தால், ராத்திரி விளக்கணைத்த பிறகுதான் மூடுவாள். கரண்ட் போனாலும் ஓடுகிற ரேடியோ என்று புருஷனே சொல்வார். அவள் கோபித்துக்கொண்டதில்லை. வாயுள்ள பிள்ளைதான் பிழைக்கும் என்பாள்.

வண்டி இரண்டு பேருக்கும் பொது. முன்பக்கம் லாரி, பின்பக்கம் வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய பெட்டி. பெட்டியின் நெற்றியில் குளிர் உண்டாக்கும் யூனிட், அதற்கென்று தனியாக ஒரு குட்டி எஞ்சின். பால், இறைச்சி, பூ, மருந்து, ஐஸ்கிரீம் என்று எது வந்தாலும் ஏற்றுவார்கள். ரோடு டிரைவர் பாடு. குளிர் தம்பி பாடு. இப்படி எண்ணெய் போட்ட சங்கிலி மாதிரி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் ஒரு சொல் வந்து விழுந்தது.

சாப்பாட்டு மேஜையில் யாரோ டிரைவரிடம் என்ன தொழில் என்று கேட்டார்கள். "குளிர்வண்டி வச்சிருக்கேன். நான் ஓட்டுறேன். மச்சினன் கூடமாட ஒத்தாசை பண்றான்" என்றார். பின்னால் தண்ணீர் ஜாடியோடு நின்றிருந்தான் தம்பி. "வண்டி ஓட்டுறது என்ன பெரிய வித்தையா. ரோடு தானா கூட்டிட்டுப் போகும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். அவ்வளவுதான். அன்றைக்கு மூடிய வாய்கள்.

தம்பி மாடி அறைக்குக் குடி போனான். சாப்பாடும் அங்கேதான். ரேடியோக்காவுக்குப் படி ஏறி இறங்கியே முழங்கால் தேய்ந்தது. ஏறும்போது தட்டும் புருஷன் சொன்ன பேச்சும். இறங்கும்போது காலித் தட்டும் தம்பி சொன்ன பேச்சும். நடுப்படியில் ஒரு நொடி நின்று, கையில் இருக்கிற பேச்சை மாவு சலிக்கிற மாதிரி சலிப்பாள். கப்பி படியிலேயே தங்கிவிடும். பூ மாதிரி இருப்பது மட்டும் போய்ச் சேரும்.

"அந்த விஞ்ஞானிகிட்ட சொல்லு" என்பார் டிரைவர். "பின்கதவு ரப்பர் கிழிஞ்சு தொங்குது. கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிப் போடச் சொல்லு."

மேலே போய் அவள் சொல்வாள்: "டேய் தம்பி, கதவு ரப்பர் போயிடுச்சாம்டா. யார் ஒட்டினாலும் நிக்காது, உன் கை பட்டாத்தான் ஒட்டும்னு மாமா சொல்றாரு."

தம்பி மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டே போய் ஒட்டிவிட்டு வருவான். ஒட்டினது நிற்கும்.

இப்படியே தள்ளிவிடலாம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். ஆனால் ஒருநாள் தட்டை எடுக்கப் போனபோது தம்பி பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். தூரத்து நகரத்தில் பெரிய குளிர்கிடங்கில் வேலை கிடைத்திருக்கிறதாம். வாரக் கடைசியில் கிளம்புகிறானாம். தம்பி போனால் குளிர் போச்சு. குளிர் போனால் வண்டி வெறும் தகரம். இதை எத்தனை சல்லடையில் சலித்தாலும் பூ மாதிரி ஆகாது என்று அவளுக்குத் தெரிந்தது. கீழே வந்து புருஷனிடம் அப்படியே சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் தேனீக்காரர் வந்தார். ஒல்லியான மனுஷன். ஈயை எழுப்பிவிடக் கூடாது என்கிற மாதிரி எப்போதும் மெல்லத்தான் பேசுவார்.

"மலை மேல ஆப்பிள் பூத்திருக்கு. நாலஞ்சு நாள்தான் அந்தப் பூ நிக்கும். என் தேன்பெட்டிகளைத் தோட்டத்துல கொண்டு போய் இறக்கணும். இந்த வெயில்ல திறந்த லாரியில போனா பாதி வழியிலயே வெந்துடும்."

"தேனீயைக் குளிர்வண்டியிலயா?" என்றார் டிரைவர்.

"அளவா குளிர் இருந்தா ராணியைச் சுத்திக் கொத்தா ஒட்டிக்கிட்டு அசையாம வரும். ரொம்பக் குளிர்ந்தாலும் ஆபத்து. சூடானா அதைவிட ஆபத்து. பதறும், பதறினா உடம்பு சூடாகும், அந்தச் சூட்டுல இன்னும் பதறும். அப்புறம் மெழுகு உருகி அடையெல்லாம் சரிஞ்சு, தேனுக்குள்ளயே முங்கிச் செத்துடும்." அவர் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார். "ஐஸ்கிரீம் உருகினா திரும்ப உறைய வச்சுக்கலாம் டிரைவரே. இது உசிரு. என்கிட்ட இருக்கிறது மொத்தமும் இதுதான். குளிர் பார்க்கத் தெரிஞ்ச ஆள் கூடவே வரணும்."

தூது மாடிக்குப் போயிற்று. தம்பி கொஞ்ச நேரம் சன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். "தேனீன்னா வர்றேன். இதுதான் கடைசி டிரிப்னு சொல்லிடு" என்றான்.

அவள் கீழே வந்து, "வர்றேன்னான்" என்று மட்டும் சொன்னாள். பிறகு அவளும் கிளம்பினாள். இவர்கள் இரண்டு பேரையும் ஒரு நாள் முழுக்க ஒரு கேபினில் தனியே விட்டால் பேச்சுக்கு யார் இருக்கிறார்கள்? ரொட்டியும் அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் கட்டி, பிளாஸ்க் நிறைய டீ ஊற்றிக்கொண்டு நடுச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

விடியும்போது ஏற்றினார்கள். முந்தின சாயங்காலமே ஈக்களெல்லாம் கூடடைந்த பிறகு தேனீக்காரர் வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து வைத்திருந்தார். பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி, நடுவில் ஒரு ஆள் நடக்க வழி விட்டுப் பட்டை போட்டு இறுக்கினார்கள். தம்பி ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் விரல் விட்டு, காத்து போகிறதா என்று பார்த்தான். பெட்டிக்கு வெளியே ஒட்டிக்கொண்டிருந்த சில ஈக்கள் குளிரில் கிறங்கிச் சுவரோரம் ஊர்ந்தன. "அதுங்க வழி தவறினதுங்க. வந்தா வரட்டும்" என்றார் தேனீக்காரர். முகவலை, கையுறை, தண்ணி அடிக்கிற பம்பு, ஒரு சுருள் கொசுவலை எல்லாம் கொடுத்துவிட்டு, இடம் தயார் பண்ண அவர் சின்ன வண்டியில் முன்னால் போய்விட்டார்.

ரோடு நல்ல ரோடு. வெயில்தான் கெட்ட வெயில். காலையிலேயே தார் மேல் தண்ணீர் நிற்கிற மாதிரி கானல் நெளிந்தது. கேபினுக்குள் எஞ்சின் இரைச்சல். யாராவது அவள் காதில் குனிந்து சொன்னால் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். அது அவளுக்கு வசதி.

டிரைவர் காதில் சொன்னார்: "உள்ள எவ்வளவு காட்டுதுன்னு துரையைக் கேளு."

அவள் இந்தப் பக்கம் திரும்பி, "கூலிங் எப்படிப்பா இருக்குன்னு கேக்குறாரு. நீ வந்ததுல நிம்மதியாம்."

தம்பி: "பத்து டிகிரியில நிக்குதுன்னு சொல்லு. குண்டு குழியில ஏத்தாம ஓட்டச் சொல்லு, மாட்டு வண்டி ஓட்டுற மாதிரி."

அவள் அந்தப் பக்கம் திரும்பி, "பத்துல நிக்குதாம். இவ்வளவு மெத்துமெத்துன்னு யாரால ஓட்ட முடியும்ங்கிறான்."

டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டார். முட்டை உரித்து இரண்டு பக்கமும் கொடுத்தாள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அன்றைக்கு மத்தளம் இரண்டு பக்கமும் ஊட்டிக்கொண்டு போயிற்று.

சூரியன் உச்சிக்கு வரும்போது தம்பி சட்டென்று தலையைத் தூக்கினான். மற்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுக்கு மட்டும் எங்கேயோ ஒரு கீச்சு கேட்டிருக்கிறது. பிறகு ரப்பர் தீய்ந்த வாடை வந்தது.

"நிறுத்தச் சொல்லுக்கா."

"நிறுத்துங்க."

ரோட்டோரம் ஒரு மரம் கிடையாது. தம்பி ஏணி வைத்து யூனிட் மேல் ஏறி மூடியைத் திறந்தான். பெல்ட் நார் நாராகக் கிழிந்து கிடந்தது. அதைத் தாங்கி ஓடும் சின்னச் சக்கரத்தின் பேரிங் இறுகி, சக்கரம் சுற்றாமல் அடம் பிடித்தது.

"பெல்ட் வேற இருக்கு" என்றான் இறங்கி வந்து, அக்கா முகத்தைப் பார்த்து. "பேரிங் இல்ல. அது இல்லாம ஓடாது. போன மாசமே அதைப் பார்த்திருக்கணும்னு அவர் சொல்வாரு. சொல்லட்டும். பார்த்தேன், நல்லாத்தான் இருந்துச்சு."

டிரைவர் டயரை உதைத்துக்கொண்டு நின்றார்.

வண்டிப் பெட்டியின் சுவரில் காதை வைத்தாள் ரேடியோக்கா. உள்ளே தூரத்தில் எங்கோ மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல். காலையில் அது இல்லை. "முழிச்சிடுச்சுங்க" என்றாள். தம்பி பக்கவாட்டில் இருந்த சின்னக் கதவை ஒரு சாண் திறந்து தலையை நீட்டினான். அவளும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். வழி தவறின ஈ ஒன்று வெளிச்சத்தைப் பார்த்து நேராக வந்தது. அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்திருந்தாள். அதுதான் வினை.

மேலுதட்டில் நெருப்புக் குச்சியைக் கிழித்த மாதிரி இருந்தது. தம்பி நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எடுத்தான். கேபினில் ஏறி உட்கார்ந்து வண்டி நகர்வதற்குள் உதடு பன்னு மாதிரி உப்பி மூக்கைத் தொட்டது. கீழுதடும் துணைக்குக் கிளம்பியது. வலியைவிட, வாய் தன் சொல் கேட்காமல் போனதுதான் அவளுக்குப் புதுசாக இருந்தது.

வண்டி ஓடிற்று. டேஷ்போர்டில் தம்பி பக்கம் இருந்த குளிர்காட்டியில் எண் ஏறிக்கொண்டே வந்தது. பதிமூன்று. பதினாறு. எஞ்சின் சத்தத்தையும் மீறி முதுகுக்குப் பின்னால் அந்த இரைச்சல்.

டிரைவர் முன்கண்ணாடியைப் பார்த்து, "நிக்காம ஓட்டினா காத்துல கொஞ்சம் ஆறும்னு நினைக்கிறேன்" என்றார். கண்ணாடி பதில் சொல்லவில்லை.

தம்பி பக்கச் சன்னலைப் பார்த்து, "வெளிக்காத்து பெட்டிக்குள்ள போகாது. சூடு உள்ள இருந்துல்ல வருது" என்றான். சன்னலும் பதில் சொல்லவில்லை.

இரண்டு பேரும் வழக்கம்போல் அவளைப் பார்த்தார்கள். அவள் வாயைத் திறந்தாள்.

"நீன் நாக்கெட்."

"என்னது?"

"நீன். நாக்கெட். ஐத்து."

டிரைவர் ரோட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். தம்பி அவள் முகத்துக்கு நேரே குனிந்தான். அவள் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெளித்து நெளித்துக் காட்டினாள். பிறகு தோளைக் கட்டிக்கொண்டு நடுங்கிக் காட்டினாள். பிறகு இரண்டு பேர் தொடையிலும் ஓங்கி ஓங்கி அடித்தாள்.

"என்னடா சொல்றா இவ?" என்றார் டிரைவர், அவள் தலைக்கு மேலே.

"ஒண்ணும் புரியலையே மாமா" என்றான் தம்பி.

சொன்ன பிறகுதான் சொன்னது இரண்டு பேருக்கும் உறைத்தது. டிரைவர் கையில் ஸ்டியரிங் ஒரு தடவை ஆடிற்று. தம்பி வாயை மூடிக்கொண்டான். ஆனால் விழுந்த சொல்லைப் பொறுக்கித் திரும்ப வாய்க்குள் போட்டுக்கொள்ளவா முடியும்? பின்னால் இரைச்சல் வேறு கூடிக்கொண்டே இருந்தது.

"நாக்குன்னு சொல்றாளே. நாக்குலயும் கொட்டிடுச்சோ?" என்றார் டிரைவர்.

"இல்ல மாமா, நாக்கு இல்ல. கையை நெளிக்கிறா பாருங்க."

"பாம்பா?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். மறுபடியும் நெளித்தாள்.

"மீன்" என்றான் தம்பி. "மீன் மாமா. மீன் மார்க்கெட். ஐஸ். மீன் மார்க்கெட்ல ஐஸ் இருக்கும்னு சொல்றா."

அவள் அவன் கன்னத்தைப் பிடித்துக் கிள்ளினாள்.

"ஐஸ் போட்டா தாங்குமா மாப்ள?"

"மேலே வச்சா தாங்கும். குளிர் கீழ இறங்கும்ல. கம்ப்ரசர் ஓடலைன்னாலும் உள்ள இருக்கிற ஃபேனைப் பேட்டரியில ஓட்டிக்கலாம். ஃபேனுக்கு முன்னால ஐஸைக் கட்டித் தொங்க விட்டா காத்து குளிர்ந்து வரும். ஆனா ஐஸுக்கு இங்க எங்க போறது?"

"அது எனக்குத் தெரியும்" என்றார் டிரைவர், கியரை மாற்றிக்கொண்டே. "ஆத்துப் பாலம் தாண்டி இடப்பக்கம். நான் மீன் ஏத்தின காலத்துல எடுத்த இடம். பத்து நிமிஷம் பொறுத்துக்கச் சொல்லு உன் ஈக்களை."

ஐஸ் பாக்டரி வாசலில் ரப்பர் பூட்ஸும் நனைந்த ஏப்ரனுமாக ஒரு அம்மா நின்று ஆள்களை அதட்டிக்கொண்டிருந்தாள். டிரைவரை அடையாளம் தெரிந்துகொண்டாள். "எங்க இந்தப் பக்கமே காணோம். என்ன லோடு? மீன் வாடையே இல்லையே."

"தேனீ."

கொக்கியோடு கிட்டே வந்த ஆள்கள் அப்படியே பின்வாங்கினார்கள். ஐஸ்காரம்மா மட்டும் நகரவில்லை. "இவ்வளவு வருஷத்துல யார் யாருக்கோ ஐஸ் வச்சுப் பார்த்திருக்கேன். ஈக்கு ஐஸ் வைக்கிறதை இன்னிக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள். ரேடியோக்கா முகத்தைப் பார்த்ததும் ஒரு துண்டு ஐஸை உடைத்துத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தாள். "வச்சுக்கோ கண்ணு. ரொம்பப் பேசாதே."

அவ்வளவு வலியிலும் ரேடியோக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க முடியவில்லை.

தம்பி முகவலையைப் போட்டுக்கொண்டு உள்ளே போனான். டிரைவர் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு, பாளம் பாளமாகத் தூக்கிக் கொடுத்தார். மீன் கூடைகளைக் கயிற்றில் கட்டி, கூரைக் கொக்கிகளில் தொங்கவிட்டு, அதில் ஐஸை நிரப்பினார்கள். "இன்னும் முன்னால தள்ளுங்க மாமா", "கயிறு தாங்காது மாப்ள, ரெட்டையாப் போடு", "சொட்டுற தண்ணி பெட்டி மேல விழக் கூடாது, நடு வழிக்கு மேல கட்டுங்க", "அந்த முனையைக் குடு" என்று பேச்சு கயிற்றோடு கயிறாகப் போய் வந்தது. பக்கக் கதவை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளியைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டினார்கள்.

"நான் உள்ளயே இருக்கேன்" என்றான் தம்பி. "தண்ணியைப் புகை மாதிரி அடிச்சுக்கிட்டே வரணும். மழைன்னு நினைச்சு அடங்கும். கதவோரம்தான் இருப்பேன், காத்து வரும்."

"போனைப் போடு. கட் பண்ணாதே" என்றார் டிரைவர்.

போன் ஸ்பீக்கரில் டேஷ்போர்டு மேல் உட்கார்ந்தது. ரேடியோக்கா நடுச் சீட்டிலிருந்து சன்னலோரத்துக்கு நகர்ந்தாள். இத்தனை மாசத்தில் முதல் தடவையாக அவளுக்கு வேலை எதுவும் இல்லை. உதட்டில் ஐஸை வைத்துக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தாள்.

"மாப்ள, கேக்குதா?"

"கேக்குது மாமா."

"மலை ரோடு ஆரம்பிச்சாச்சு. வலப்பக்கம் வளைவு. பிடிச்சுக்க."

"பிடிச்சுட்டேன். என்ன காட்டுது அங்க?"

"இருபத்திரண்டு."

"இறங்கும். கொஞ்சம் பொறுங்க."

"பள்ளம் வருது. மெதுவாத்தான் இறக்குறேன்."

"தெரியுது மாமா. ஒரு பெட்டிகூட அசையல."

வளைவு, பள்ளம், ஏற்றம், மறுபடி வளைவு. டிரைவர் ரோட்டைப் படித்துப் படித்துச் சொல்ல, தம்பி பெட்டிக்குள்ளிருந்து ஈயின் இரைச்சலைப் படித்துச் சொன்னான். இருபத்திரண்டு இருபதாயிற்று. பதினெட்டாயிற்று. ரோட்டின் இரண்டு பக்கமும் மரங்கள் வந்தன. நிழல் கண்ணாடி மேல் ஓடிற்று.

"மாமா, இரைச்சல் அடங்குது. கொத்தா ஒட்டிக்க ஆரம்பிச்சிடுச்சு."

டிரைவர் மூச்சு விட்டார். பிறகு போன் தொண்டையைக் கனைத்தது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னிக்குக் கதவு ரப்பர் கிழிஞ்சப்ப, என் கை பட்டாத்தான் ஒட்டும்னு சொல்லி அனுப்பினீங்களே. நெசமாவே சொன்னீங்களா, இல்ல கிண்டலா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"அக்கா சொன்னாளே."

"கண்ணு தெரியலைன்னா கண்ணாடி வாங்கிப் போடச் சொன்னேன்."

ரேடியோக்கா வெளியே ஓடுகிற மரங்களை எண்ணுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அது இருக்கட்டும்" என்றார் டிரைவர். "மழையில ஆத்துப் பாதையில வண்டியைக் கொண்டு வந்தேனே. மாமா மாதிரி ஸ்டியரிங் பிடிக்க ஆள் இல்லைன்னு நீ சொன்னியாமே."

"எருமையைத் தண்ணியில இறக்குற மாதிரி இறக்கியிருக்காருன்னு சொன்னேன்."

டிரைவர் மெல்லத் தலையைத் திருப்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் ஐஸ் துணியால் முகம் முழுவதையும் மூடிக்கொண்டாள். ஊமை கண்ட கனவு என்பார்கள். ஊமை பட்ட பாடு என்ன என்று அன்றைக்குத் தெரிந்தது. எவ்வளவு சொல்ல இருந்தது அவளுக்கு. ஒரு எழுத்து வெளியே வரவில்லை.

"மாமா, இத்தனை மாசமா நம்ம ரெண்டு பேருக்கும் இவ ஐஸ் வச்சிருக்கா."

டிரைவருக்கு முதலில் வயிறுதான் குலுங்கிற்று. பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு வண்டியே குலுங்கிவிடும் போலிருந்தது. போனுக்குள்ளிருந்தும் சிரிப்பு. இரண்டு பேரும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்துச் சரி பார்த்தார்கள். நீ அனுப்பின சேதி என்ன, எனக்கு வந்த சேதி என்ன என்று. எதுவும் பொருந்தவில்லை. பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு.

சிரித்து ஓய்ந்த பிறகு தம்பி மெல்லக் கேட்டான். "நான் வேலைக்குப் போறேன்னு சொன்ன அன்னிக்கு நீங்க அழுதீங்கன்னு அக்கா சொன்னா. அதுவும் அவ போட்டதுதானா?"

டிரைவர் ஒரு வளைவைத் திருப்பி முடித்தார்.

"அழல மாப்ள."

"சரி மாமா."

"சாப்பிடல. அது நெசம். போட்ட தட்டை அப்படியே வச்சிட்டு எழுந்துட்டேன். இவ அதை அழுகைன்னு எடுத்துக்கிட்டா போல." அவர் ஹார்னை ஒரு தடவை அழுத்தினார், எதிரே யாரும் இல்லாதபோதும். "ஒத்தாசைன்னு அன்னிக்கு வாயில வந்துடுச்சு. அது சரியான சொல்லு இல்ல."

டிரைவர் போன் பக்கம் குனிந்தார்.

"மாப்ள? உள்ள ஏதும் ஆச்சா?"

"ஒண்ணும் இல்ல மாமா. முகவலைக்குள்ள ஈ பூந்துடுச்சு. கண்ணுக்கிட்ட." கொஞ்ச நேரம் கழித்து, "ரோடு தானா கூட்டிட்டுப் போகும்னு நானும்தான் சொன்னேன். இந்த ரோட்டைப் பார்த்தா அப்படித் தெரியல."

"இடப்பக்கம் பெரிய வளைவு. பிடிச்சுக்க."

தோட்டத்துக்குள் வண்டி நுழைந்தபோது வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. சரிவு முழுக்க ஆப்பிள் மரங்கள். இலையே தெரியாத பூ. வெள்ளையும் இளஞ்சிவப்புமாக, துவைத்த துணியை மலை முழுவதும் காயப் போட்ட மாதிரி. தேனீக்காரர் வழியெல்லாம் ஓடி வந்து பின்கதவைத் திறந்தார். தம்பி தொப்பலாக நனைந்து, பல் கிட்டி, நடுங்கிக்கொண்டே இறங்கினான். டிரைவர் இடுப்புச் சட்டையை அவிழ்த்து அவன் தலையைத் துவட்டினார்.

தேனீக்காரர் ஒவ்வொரு பெட்டியிலும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். வைத்தியர் நெஞ்சில் காது வைப்பது போல. கடைசிப் பெட்டி வரைக்கும் மூன்று பேரும் அவர் பின்னாலேயே போனார்கள்.

"ரெண்டு பெட்டி தளர்ந்திருக்கு. தேறிடும்" என்றார். "மத்ததெல்லாம் தாலாட்டுப் பாடுது."

மரத்தடிகளில் பெட்டிகளை இறக்கி, வாசல்வலையைப் பிரித்தார்கள். முதலில் ஒரு ஈ வந்து வாசற்பலகையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டது. பறந்து பெட்டிக்கு நேரே நின்று இடத்தைப் பார்த்தது. பிறகு பத்து. பிறகு எண்ண முடியாமல். சாயங்கால வெளிச்சத்தில் அத்தனையும் பொன் தூசி மாதிரி எழும்பிப் பூவுக்குள் போயிற்று. தோட்டம் முழுக்க இரைச்சல். அதே இரைச்சல்தான், மத்தியானம் பயமுறுத்தியது. இப்போது கேட்கக் கேட்க இன்னும் கேட்கலாம் போலிருந்தது. ரேடியோக்கா ஒரு மரத்தில் சாய்ந்து நின்றாள். இவ்வளவு அழகைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் இருப்பது அவளுக்கு அதுதான் முதல் தடவை. சொல்லாமலும் பார்க்கலாம் என்று தெரிந்தது.

இரவு தோட்டத்துக் கொட்டகையில் சூடாக சூப்பும் ரொட்டியும் கொடுத்தார்கள். அவளுக்கு மட்டும் சூப்பைக் கரண்டியால் ஊற்ற வேண்டியிருந்தது. ஒரு கரண்டி புருஷன், ஒரு கரண்டி தம்பி. நடுநடுவே அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவள் முறைத்தாள்.

மறுநாள் காலையில் எழுந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தாள். வீக்கம் வடிந்து, கொஞ்சம் தடிப்பு மட்டும் இருந்தது. யாரும் இல்லாத இடமாகப் போய், ஒரு பூங்கொத்துக்கு முன்னால் நின்று மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"மாமா. மாப்ள. மீன் மார்க்கெட்."

பளிச்சென்று வந்தது. இன்னொரு தடவை சொன்னாள். அதைவிடப் பளிச்சென்று.

வண்டிப் பக்கம் சத்தம் கேட்டது. தேனீக்காரர் விடியும் முன்பே டவுனுக்குப் போய்ப் பேரிங் வாங்கி வந்திருந்தார். தம்பி ஏணி மேல் இருந்தான். டிரைவர் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு, ஸ்பானர் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்.

"அதில்ல மாமா, சின்னது."

"இதைவிடச் சின்னது என்கிட்ட இல்ல. ஆமா, நீ போறப்ப உன் டூல்ஸையெல்லாம் எடுத்துட்டுப் போயிடுவியா, வச்சிட்டுப் போவியா?"

"நான் எங்க போறேன்?"

"அந்தக் கிடங்குக்கு."

"அங்க கட்டடம் ஒரே இடத்துல நிக்குதாம் மாமா. எனக்குச் சரிப்படாது. சின்ன ஸ்பானரைக் குடுங்க."

டிரைவர் பெட்டிக்குள் குனிந்து வெகுநேரம் தேடினார். நிமிர்ந்தபோது சின்ன ஸ்பானர் கையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தார். இரண்டு நிமிஷம் நிம்மதி. பிறகு பெல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பதில் தகராறு. இவ்வளவு இறுக்கினால் மறுபடி பேரிங் போகும் என்றார் அவர். லூசாக விட்டால் பெல்ட் நழுவும் என்றான் அவன். குரல் ஏறிற்று. டிரைவர் வெடுக்கென்று முகத்தைத் திருப்பினார். மரத்தடியில் அவள் நிற்பதைப் பார்த்துவிட்டார்.

"ஏம்மா, இங்க வா. இந்த விஞ்ஞானிகிட்ட நீயே சொல்லு."

அவளுக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. எவ்வளவு நயமாகச் சொல்லலாம், எதை விட்டு எதைச் சேர்க்கலாம் என்பதுகூட ஒரு நொடியில் தயாராகிவிட்டது. அவள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். முகத்தைச் சுளித்து, வலிக்கிறது என்று தலையை ஆட்டினாள்.

"இன்னும் வடியலையா?" என்றான் தம்பி ஏணி மேலிருந்து.

அவள் இல்லை என்று கையை விரித்தாள்.

டிரைவர் ஏணிப் பக்கம் திரும்பினார். "இங்க பாரு மாப்ள" என்று ஆரம்பித்தார். அவனும் ஏணியில் நாலு படி இறங்கி வந்து, "நீங்க முதல்ல இதைக் கேளுங்க மாமா" என்றான்.

அவர்கள் பேசட்டும் என்று விட்டுவிட்டு, ரேடியோக்கா மூன்று பேருக்கும் டீ வாங்கக் கொட்டகைப் பக்கம் நடந்தாள்.